வெயில் படும் ஜன்னலுக்கு எதிரே மாட்டு

தம்பி,

இதை மெதுவாகப் படி. உன் தமிழ் எனக்குத் தெரியும். கோயில் வகுப்பில் சனிக்கிழமைதோறும் நான்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து என் மீசையை வரைந்துகொண்டிருந்தாய். மீசை நன்றாகவே வந்தது, எழுத்துத்தான் வரவில்லை. ஆனாலும் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். உன் அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். மேசைமேல் திறந்து கிடந்தாலும் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். பூட்டு என்றதும் உனக்கு உறைத்திருக்கும். அதற்கும் வருகிறேன்.

இன்று காலை சமையலறையில் அம்மாவிடம் நீ சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. எனக்கு மூச்சுத்தான் குறைவு, காது இரண்டும் திடகாத்திரமாக இருக்கின்றன. "இந்தத் தடவையும் வேணாம்மா. டிக்கெட்டத் தள்ளிப் போட்டுடறேன். அப்பா இருமறது உனக்குக் கேக்கலையா?" என்றாய். அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். பிரான்சில் அந்த மார்செய் ஓட்டல்காரர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை உனக்காகக் காத்திருந்துவிட்டார்கள். மூன்றாவது தடவையும் காத்திருக்க அவர்கள் உனக்கு மாமன் மச்சானா? வருகிற வெள்ளிக்கிழமை நீ விமானம் ஏறவில்லையென்றால் அந்த அடுப்பின் முன்னால் வேறொருவன் நிற்பான். நீ இந்த கிராண்ட் பே கடற்கரை ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு முட்டை பொரித்துக்கொண்டே வயதாகிப் போவாய். அதற்குக் காரணம் யார் என்றால் எல்லோரும் என்னைக் கைகாட்டுவார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் உன்னைக் கிளப்பிவிட வேண்டும். இந்தக் கடிதத்துக்கு அது ஒன்றுதான் வேலை.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், "உங்க அப்பாவுக்கு மூச்சு வாங்குது" என்று உன்னிடம் பிரெஞ்சில் சொல்ல, நீ என்னிடம் தமிழில் சொன்னாய். "வாங்கட்டும், கடனுக்கு மட்டும் வாங்க வேணாம்னு சொல்லு" என்றேன். நீ அதைத் திருப்பி மொழிபெயர்க்கவில்லை. அவர் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இத்தனை வருஷமாக நான் கோபுரத்தில் அடித்த எனாமலும் அதில் கலந்த தின்னரும் பாதி கோபுரத்துக்குப் போக, மீதி எனக்குள் குடிவந்துவிட்டதாம். இனி ஒரு டப்பாவைத் திறந்தாலும் அதன் நெடியே என்னைக் கொண்டுபோய்விடும் என்றார். அன்று சாயங்காலமே நீ வீட்டிலிருந்த டப்பாக்களையெல்லாம் பொறுக்கிப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் போட்டுப் பூட்டினாய். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் முருகன் டாலருக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டாய். முருகனைக் காவலுக்கு வைத்தால் நான் கிட்டே வரமாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். "இனிமே சும்மா இருங்கப்பா" என்றாய். சும்மா இருப்பது சாமியார்களுக்கே வராத வித்தை. கோபுரச் சாரத்தில் தொங்கிப் பழகியவனுக்கு எப்படி வரும்? நீ வேலைக்குப் போனதும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். நடந்தால் இரைத்தது. உட்கார்ந்தால் கை துறுதுறுத்தது. உப்புச் சாரமில்லாத பத்தியச் சாப்பாடு ஒரு பக்கம், ஏற முடியாத சாரம் ஒரு பக்கம்.

கொஞ்சம் பொறு. மலையின் மேல் மேகம் விலகியிருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஏன் இப்படிப் பாதியில் எழுந்து ஓடுகிறேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் கோபுரத்திலிருந்து தொடங்க வேண்டும். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்தபதியின் ஆட்களோடு நான் இந்தத் தீவுக்கு வந்தது, நம் கான் தெ மாஸ்க் ஊர்க் கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கத்தான். வண்ணம் அடிப்பவனுக்கு வண்ணத்தில் அதிகாரம் கிடையாது, தெரியுமா? முருகனுக்கு இந்தச் சிவப்பு, பெருமாளுக்கு இந்த நீலம், அம்பாளுக்கு இந்தப் பச்சை. ஸ்தபதி கீழே நின்று சொல்வார், நான் மேலே தொங்கி அடிப்பேன். கீழே நின்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு பங்கு கூட்டித்தான் அடிப்போம். கிட்டே போனால் சாமியே பயமுறுத்துவார். எனக்கென்று விட்டது பூதகணங்கள் மட்டும்தான். கோபுரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு குந்தியிருக்குமே, தொப்பையும் கோரைப்பல்லுமாக, அதுகள். அவற்றை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதில் ஒரு பூதத்தின் கருவிழியை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்தேன். அது எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்தது. அங்கே சட்டைத் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் காலையில் கூட்டமாக நிற்பார்கள். கூட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பூதம் பார்த்தது ஒருத்தியைத்தான்.

ஒருநாள் அவள் சாரத்துக்கு அடியில் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, பாதி இந்த ஊர்க் கிரியோல் பேச்சும் பாதித் தமிழுமாகக் கேட்டாள். ஐயா என்பதற்கு அவளுக்கு அப்போதே மிஸ்யேதான்.

"மிஸ்யே, உங்க பூதம் தினம் என்னையே பாக்குது. அதுக்கு என்னா வேணும்?"

"உங்க பேரு வேணுமாம்."

"பூதத்துக்கா, பெயிண்டருக்கா?"

"பூதத்துக்குப் பேச வராது. நான்தான் கேட்டுச் சொல்லணும்."

"அப்போ பூதத்தையே கட்டிக்கிறேன். அது பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். மற்றவர்கள் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பினார்கள், நான் கிளம்பவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தக் கோபுரத்துக்கு மறுபடி வண்ணம் அடித்ததும் நான்தான். எல்லாவற்றையும் புதுப்பித்தேன், அந்தக் கண்ணை மட்டும் நேராக்கவில்லை. இப்போது பஸ் நிறுத்தம் தள்ளிப் போய்விட்டது. பூதம் பாவம், டெலிபோன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எனாமலை நீ பூட்டியதும் நான் ஓய்ந்துவிடுவேன் என்று நினைத்தாய் அல்லவா? எதிர்வீட்டுப் பையன் கல்யாணமாகிப் பெண்ணோடு வந்து இறங்கிய அன்று அம்மா ஆரத்தி கரைத்தாள். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதிதான். ஆனால் அன்றைக்குத்தான் என் கை வேலையில்லாமல் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே போனதும், மிச்சத் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அடுப்படித் துணிக்காக அம்மா தொழிற்சாலையிலிருந்து கொண்டு வருகிற சட்டைத் துணி வெட்டில் ஒன்றை விரித்து, விரலாலேயே மலையை இழுத்தேன். சிவப்பாக ஒரு மலை வந்தது. நெடி இல்லை, இருமல் இல்லை. டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு நான் வீட்டுத் திருடனானேன். மஞ்சள் டப்பா, குங்குமம், திருநீறு, வெள்ளைத் துணிக்குப் போடுகிற சலவை நீலம், விளக்குக் கரி. எல்லாவற்றையும் சோற்றுக் கஞ்சியில் குழைத்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் கரும்புப் பச்சை. குங்குமத்தோடு கரியைச் சேர்த்தால் கரும்பு வெட்டியபின் தெரிகிற மண். உன் அம்மாதான் முதலில் பிடித்தாள். இங்கே மஞ்சளுக்கு சஃப்ரான் என்றுதானே பெயர். "சஃப்ரான் எங்க போவுது? நேத்துதான் டப்பா நெறைய இருந்துச்சு" என்றாள். "எறும்பு தின்னிருக்கும்" என்றேன். "எறும்புக்கு விரலு மஞ்சளா இருக்குமா, மிஸ்யே?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாள் இரண்டு டப்பா வாங்கி வைத்தாள். உன்னிடம் சொல்லவில்லை. நீயோ பருப்பில் நிறமில்லை என்று கடைக்காரரிடம் போய், கலப்பட மஞ்சள் விற்கிறாய் என்று சண்டை பிடித்தாய். அந்த மனுஷன் இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

குருக்களையும் விடவில்லை. "என்ன பெயிண்டர், பக்தி முத்திடுத்தா? மாசத்துக்கு இத்தனை குங்குமம் யாருக்கு?" என்று கேட்டார். "மலைக்கு சாமி" என்றேன். அவர் திருவண்ணாமலைக்கு என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டு, கூட ஒரு பொட்டலம் கொடுத்தார். நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

நீ என் மெத்தையைத் தூக்கியது நினைவிருக்கிறதா? எனாமல் டப்பா ஒளித்து வைத்திருக்கிறேன் என்று சந்தேகப்பட்டுத் தூக்கினாய். அடியில் பதினைந்து, இருபது மலைகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாய். திட்டப் போகிறாய் என்று பார்த்தேன். ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மலை ஏம்ப்பா இந்த நெறத்துல இருக்கு?" என்றாய். "எனக்கெப்படிடா தெரியும்? காலையில வேற மாதிரி இருந்துச்சு" என்றேன். உண்மை அதுதான். நம் வீட்டுக்குப் பின்னால் தெரிகிற மலைக்கு இந்த ஊர்க்காரர்கள் வெள்ளை மலை என்று பிரெஞ்சில் பெயர் வைத்திருக்கிறார்கள். அது வெள்ளையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. விடிந்ததும் சலவை நீலம், பத்து மணிக்குப் பச்சை, மழைக்கு முன்னால் கத்தரிக்காய்த் தோல், சாயங்காலம் கரும்பு பூத்திருந்தால் அடிவாரம் முழுக்க ஒரு வெள்ளி ரோமம். சாமிக்கு என்ன நிறம் என்று சொல்ல ஸ்தபதி இருந்தார். மலைக்கு யாரும் இல்லை. முதல் முறையாக என்னைப் பார்த்து யாரும் கீழிருந்து கத்தவில்லை, தம்பி. மலையின் நிறமும் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. அது நிறம் மாறுவதற்குள் நான் அடித்து முடிக்க வேண்டும். மூச்சு ஒரு பக்கம் இழுக்க, மேகம் ஒரு பக்கம் இழுக்க, கோபுரத்தில் அடித்ததைவிடப் பலமாக அடித்தேன். உன் கூட்டாளி ஒருவன் பார்த்துவிட்டு, "நோயாளி வரைஞ்ச மாதிரியே இல்லையே" என்றானாம். நோய் நெஞ்சில்தானே, மலைக்கு என்ன?

பிறகு நீ செய்த காரியம். இருப்பதிலேயே பெரியதைச் சுருட்டிக்கொண்டு போய், உன் ஓட்டல் வரவேற்பறையில் மாட்ட வைத்தாய். கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி, அதற்கு நேர் எதிரே என் கரும்புக் காடு. சில வாரம் கழித்து ஒருநாள் ஓட்டல் பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாய்.

"அப்பா, கரும்பு கடலாயிடுச்சு."

"என்னடா உளற்ற?"

"பச்சையெல்லாம் போயி நீலமாயிடுச்சுப்பா. வெயில் நேரா அடிக்குது."

எனக்கு உடனே புரிந்தது. பச்சைக்குள் இருந்த மஞ்சளை வெயில் தின்றுவிட்டது, நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெரிய மேலாளர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவருக்கு இப்பத்தான் ரொம்பப் புடிச்சிருக்காம். இதே மாதிரி இன்னும் ரெண்டு கடல் வேணுமாம்" என்றாய். நானும் சிரித்தேன். ஆனால் நீ குளிக்கப் போனதும் என்னால் உட்கார முடியவில்லை. கோபுரத்தில் நான் அடித்தது பன்னிரண்டு மழைக்காலத்துக்கு நிற்கும், புயல் வந்தாலும் நிற்கும். அதுதான் என் தொழில், என் வாக்கு. பிறரைப் பற்றிச் சாயம் வெளுத்துப்போச்சு என்று எத்தனை தடவை கேலி பேசியிருக்கிறேன். இப்போது ஓட்டல் சுவரில் ஊர் பார்க்க என் சாயமே வெளுக்கிறது. படிகாரம் போட்டுப் பார்த்தேன், பால் சேர்த்துப் பார்த்தேன், உப்பில் ஊறவைத்துப் பார்த்தேன். மஞ்சள் நிற்கவில்லை. கொல்லைக்கொடியில் துண்டு துண்டாகக் காயப்போட்டு, மணிக்கொரு தடவை போய்ப் பார்த்து, இரைத்துக்கொண்டு திரும்பினேன்.

உன் அம்மா கொடியில் துணி போட இடமில்லாமல் கடுப்பாகிவிட்டாள். "நெறம் போனா போவட்டுமே. உங்க மவன் ஆக்கற கொழம்பு மறுநாள் இருக்குதா? அதுக்குத்தான அவன பிரான்சுல கூப்புடுறாங்க?" என்றாள். அவள் என் துண்டுகளை உருவி எறிந்துவிட்டுச் சட்டைகளைப் போட்டாள். அன்றிலிருந்து நான் மஞ்சளைச் சிக்கனம் பிடிக்கவில்லை. எப்படியும் போகப் போகிறது, இருக்கிற வரைக்கும் கத்தட்டும் என்று அள்ளி அப்பினேன். கடைசியாக வரைந்தவற்றைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

இப்போது உன் விஷயம். நான் கிளம்பியபோது என் அப்பா வாசல்வரைகூட வரவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "குளிர் இருக்குமாடா அங்க?" என்று மட்டும் கேட்டார். இருக்காது என்றேன். அவ்வளவுதான் எங்கள் கடைசிப் பேச்சு. அவர் போன செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. நான் அன்று சாரத்தில் இருந்தேன். இறங்கி வந்து குளித்துவிட்டு மறுபடி ஏறினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை, ஏனென்றால் உனக்கும் அப்படி ஒரு தொலைபேசி வரலாம். நீ கரண்டியோடு நிற்கும்போது வரலாம். நீ இங்கேயே இருந்தாலும் அது நடக்கும், தம்பி. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய், அது ஒன்றுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு போக எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் அதற்காக உன்னை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வாசலில் நிறுத்தி வைத்தால், நான் போகும் நாளைத்தான் நீ எண்ணிக்கொண்டிருப்பாய், நானும் அதையே எண்ணுவேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து அதை எண்ணுவதைப் போல ஒரு தண்டனை உண்டா? டப்பாவைப் பூட்டினாய், சரி, அதில் எனக்கு உயிர் கிடைத்தது. உன்னையும் சேர்த்துப் பூட்டாதே.

இனி அந்த இருமல். போன வாரம் முழுக்க நீ கேட்டது, நீ டிக்கெட்டைத் தள்ளிப்போட நினைத்ததற்குக் காரணமான இருமல். நோயின் இருமல் தனியாக இருக்கிறது, காலையில் வந்து போகும், அது உனக்குப் பழக்கம்தான். போன வாரத்து இருமலுக்கு வேறு காரணம். நீ பொறுக்கிப் பூட்டியபோது ஒன்றை விட்டுவிட்டாய். சாமி நகைகளுக்கு அடிக்கிற மஞ்சள் எனாமல், கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அம்மா ஊறுகாயாகப் போட்டு வைக்கிற அச்சார் பாட்டில்களுக்கு நடுவில், ஒரு அச்சார் பாட்டிலிலேயே ஊற்றி வைத்திருந்தேன். இந்த ஊர் அச்சாரும் மஞ்சள், அதுவும் மஞ்சள். சமையல்காரன் நீ, அந்த அலமாரியைத் தினம் திறந்தாய். பதறாதே, பாட்டிலைக் காலி செய்து எறிந்தாயிற்று. இனி ஒரு சொட்டு கிடையாது. மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து, உனக்காக ஒரு படத்தில் அதைச் செலவழித்தேன். அதன் நெடிதான் என்னை ஒரு வாரம் உலுக்கியது. நீ பயந்தது உன் பரிசைப் பார்த்து.

அந்தப் படத்தைச் சுருட்டி உன் பெட்டியின் அடியில், சட்டைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இங்கேயே பிரித்துப் பார்ப்பாய், தெரியும். பார், ஒன்றும் தெரியாது. மேலே வெள்ளை மலை, வயலெட்டில். கீழே சாயங்கால வெயில் விழுந்த கரும்புக் காடு, ஓரத்திலிருந்து ஓரம் வரை வெறும் மஞ்சள். அந்தக் காட்டுக்குள் எனாமல் மஞ்சளால் ஒன்றை வரைந்து, பளபளப்பு காட்டிக்கொடுக்காமல் இருக்கத் திருநீறு தேய்த்து, அதற்கு மேல் அம்மாவின் மஞ்சளை அப்பியிருக்கிறேன். மஞ்சளுக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்தால் கரும்புக் காடு கடைசிவரை இப்படியே இருக்கும், நீ எதையும் பார்க்கமாட்டாய். மார்செய் நல்ல வெயில் ஊர் என்று சொன்னாயே. வெயில் படும் ஜன்னல் உள்ள அறையாகப் பார்த்து எடு, அதற்கு எதிரே மாட்டு. மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும். ஐயோ அப்பா என்று அதைக் கழற்றி ஒளித்து வைக்காதே. ஓடட்டும். வெயில் தின்ன முடியாதது மட்டும் கடைசியில் அங்கே குந்தியிருக்கும். அது என்ன என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்குத் தெரியும். அவள் பார்த்துவிட்டு, "தோ ஃபு?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள், பைத்தியமா என்று. பிறகு துணியின் ஓரத்தைத் தானே மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

கொட்டகைச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. நான் கேட்கமாட்டேன், கேட்டாலும் அவள் தரமாட்டாள். மஞ்சள் டப்பாவை நிரப்பி வைத்துவிட்டுப் போ. அந்தக் கடைக்காரரிடமே வாங்கு, ஒரு வார்த்தை சமாதானமாகவும் பேசு. அங்கே போய்ச் சமைக்கும்போது நிறத்துக்காக மஞ்சள் போடாதே, ருசிக்குப் போடு. நிறத்துக்குப் போடுவதற்கு நான் ஒருவன் போதும்.

மேகம் மறுபடி வந்துவிட்டது, மலை கறுக்கிறது. நான் போக வேண்டும். கரும்புக் காட்டுக்குள் அது தெரிந்த அன்றைக்கு எனக்கு எழுது. தமிழில் எழுது, தப்பாக இருந்தாலும் நான் திருத்தமாட்டேன். நீளமாக வேண்டாம். அதன் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் எழுது.

அப்பா